கேம்பர் வேனில் தெற்கே: ஓய்வுபெற்ற தம்பதிக்கான முழு வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 330 கிலோமீட்டர் சொச்சம். பிள்ளைகள் ஓட்டினால் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்து அங்கேயே மதியச் சோறு சாப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் கேம்பர் வேனில், அதாவது படுக்கை, குளிர்பெட்டி வைத்து வீடுபோல் மாற்றிய வேனில், போனால் அதே தூரத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தெற்குப் பக்கத்தைத்தான் அதிகம் சுற்றுகிறோம்: போர்ட்டிக்சன், மலாக்கா, மூவார், பொந்தியான், அப்படியே வளைந்து மெர்சிங், குளுவாங். செந்தூலில் அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் "எங்கே தூங்குறீங்க, எப்படிக் குளிக்கிறீங்க, பயமா இல்லையா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வேன் பயணத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி குளிரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான். நமக்கு அது உதவாது. இங்கே கால அட்டவணை போடுவது வெயில். காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்து, பதினொன்றரைக்குள் நிழலில் நிறுத்திவிட வேண்டும். வண்டி தேர்வு, பேட்டரி, மருந்து, பாதை எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன.

படி 1: முதலில் வாடகை, அப்புறம் யோசியுங்கள்

சேமநிதிப் பணம் கைக்கு வந்த சூட்டோடு வேன் வாங்க ஓடுபவர்கள் உண்டு. வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கேம்பர் வேன் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வார நாள்களில் விலை குறைவு, பள்ளி விடுமுறையில் ஏறிவிடும். ஓய்வு பெற்றவர்களுக்கு இது ஒரு பெரிய சலுகை: செவ்வாய்க்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்ப நம்மால் முடியும்.

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் தொயோத்தா ஹையேஸ், நிசான் உர்வான் போன்ற வேன்களை உள்ளே மாற்றியமைத்தவை. சாதாரண கார் உரிமமான டி வகுப்பு போதும். அந்த வகுப்பு 3,500 கிலோவுக்கு மிகாத வாகனங்களுக்கானது, மாற்றியமைத்த வேன்கள் அதற்குள்தான் வரும். ஆனால் இருக்கைகளைக் கழற்றி, கூரையை வெட்டி உயர்த்திய வண்டிக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் இருக்கிறதா என்று வாகனப் பதிவுச் சான்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒப்புதல் இல்லாமல் மாற்றினால் அபராதம் ஒருபக்கம், விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவது மறுபக்கம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள். மதியம் ஒரு மணிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே கால் மணி நேரம் உட்காருங்கள். மூச்சு முட்டுகிறதா, காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அடுத்து, படுத்துப் பாருங்கள். வேனின் நீளவாக்கில் ஒட்டிப் போட்ட இரட்டைப் படுக்கை என்றால், சுவர் ஓரம் படுப்பவர் ராத்திரி எழும்போது மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுபவர்கள் நம் வயதில் சாதாரணம். நடுவில் நடைவழி விட்டு இருபுறமும் ஒற்றைப் படுக்கை போட்ட வண்டிதான் எங்களுக்குச் சரிப்பட்டது. மேல்தட்டில் ஏணி வைத்து ஏறும் படுக்கையைப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பக்கக் கதவின் படி எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். முட்டி வலிக்காரருக்கு ஒரு நாளில் நாற்பது முறை ஏறி இறங்கும் படி அது. மடக்கு முக்காலி ஒன்றை வாசலில் போட்டால் பாதி வேதனை குறையும்.

உயரக் கூரை வேன் உள்ளே நிமிர்ந்து நிற்க வசதி. ஆனால் பேரங்காடிகளின் அடித்தளக் கார் நிறுத்தத்தில் இரண்டு மீட்டர் சொச்சத்தில் தொங்கும் தடுப்புக்கம்பியைத் தாண்டாது. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணுக்கு நேரே ஒட்டிவையுங்கள். டோல் விஷயத்தில் ஒன்று: இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் கார் கட்டணம்தான். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வண்டி இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும், கட்டணமும் கூடும். வாடகைக்கு எடுக்கும்போது பின்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

தீபகற்பத்தின் தெற்கில் எல்லா மாதமும் வெயில்தான். பகலில் 32, 33 பாகை, இரவில் 24, 25. நாம் பார்க்க வேண்டியது மழையை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மெர்சிங், தேசாரு பக்கம் கடல் கொந்தளிக்கும், ஜொகூரின் உள்பகுதியில் வெள்ளம் வரும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் பத்து பகாட் பக்கம் தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆனது. ஆகவே கிழக்குக் கரையையும் சேர்த்துச் சுற்ற வேண்டுமென்றால் மே முதல் ஆகஸ்டு வரை நல்லது. செப்டம்பரில் சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து சேரும். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் நெடுஞ்சாலைக்குப் போகவே போகாதீர்கள். சனி ஞாயிறையும் தவிர்க்கலாம். ஜொகூரில் 2025 ஜனவரி 1 முதல் வார விடுமுறை பெரும்பாலான மாநிலங்களைப் போல சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. பழைய நினைப்பில் வெள்ளிக்கிழமைதான் அங்கே விடுமுறை, ஞாயிறு காலியாக இருக்கும் என்று போனால் தேசாருவில் நிறுத்த இடம் கிடைக்காது. சிங்கப்பூர்க் குடும்பங்களும் அதே நாளில்தான் வருவார்கள்.

படி 3: மின்சாரம், காற்று, தூக்கம்

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் மறுநாள் வண்டி ஓட்டுவது ஆபத்து.

வேனில் கூரைமேல் ஏர்கான் இருக்கிறது என்று வாடகைக்காரர் பெருமையாகச் சொல்வார். பேட்டரியில் அது எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1,280 வாட் மணி சக்தி இருக்கும். சின்ன ஏர்கானே 600 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. அதே பேட்டரியில் ஆளுக்கொரு 20 வாட் மின்விசிறி ராத்திரி ஒன்பது மணி நேரம் ஓடினால் 360 வாட் மணிதான் ஆகும். 12 வோல்ட் சின்னக் குளிர்பெட்டி நம் வெயிலில் நாளொன்றுக்கு 500 வாட் மணியாவது குடிக்கும். விளக்கு, கைப்பேசி எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். ஏர்கான் இல்லாமல் தூங்கவே முடியாது என்பவர்கள் மின்சார இணைப்புத் தரும் முகாம்களையே பார்த்துப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

செலவான சக்தியைத் திரும்ப ஏற்ற இரண்டு வழி. ஒன்று சூரியத் தகடு. இங்கேதான் ஒரு சங்கடம்: வண்டி நிழலில் நின்றால் கூரைத் தகட்டுக்கு வெயில் கிடையாது, வெயிலில் நின்றால் நாம் உள்ளே வெந்துபோவோம். அதனால் மடக்குத் தகடு ஒன்றை நீளக் கம்பியோடு எடுத்துப்போய், வண்டியை நிழலிலும் தகட்டை வெயிலிலும் வைக்கலாம். இரண்டாவது வழி, வண்டி ஓடும்போது என்ஜினிலிருந்தே ஏற்றுவது. 30 ஆம்பியர் சார்ஜர் பொருத்தியிருந்தால் காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே ராத்திரி செலவானதில் பெரும்பகுதி திரும்பிவிடும். தினமும் கொஞ்ச தூரம் நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றோட்டத்துக்குக் கூரையில் ஒரு காற்றுப்போக்கி விசிறி, எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு சன்னல், இரண்டும் வேண்டும். சூடு மேலே போக, கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சன்னலுக்கெல்லாம் கொசுவலை கட்டாயம். டெங்கி நம் ஊரில் விளையாட்டு விஷயமில்லை. மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

நிழல் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பதினொன்றரைக்கு நிறுத்தும்போது எங்கே நிழல் இருக்கிறது என்று பார்க்கக்கூடாது. மூன்று மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்க்க வேண்டும். மரத்துக்குக் கிழக்குப் பக்கம் நிறுத்தினால் பிற்பகல் முழுக்க நிழல். என் வீட்டுக்காரர் இறங்கி, கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, அண்ணாந்து மரத்தைப் பார்த்து, தென்னையா என்றும் சோதித்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்வார். தேங்காய் விழுந்தால் கூரைத் தகடு போய்விடும். போர்ட்டிக்சன் கடற்கரையில் சவுக்கு மரத்தடி இதற்கு வசதி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. புழுக்கம் தாங்காமல் என்ஜினை ஓடவிட்டு, வண்டி ஏர்கானைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் அப்படித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே கசிந்து இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மணமே இல்லாத விஷவாயு அது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று படுக்கை உயரத்தில் மாட்டியிருக்கட்டும். வேனுக்குள் கேஸ் அடுப்பில் சமைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 4: மருந்துப் பெட்டி

ஒரு மாதத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்றரை மாத மாத்திரை எடுங்கள். இரண்டு பையாகப் பிரித்து ஒன்றை ஆளோடு, ஒன்றை வண்டியில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கவனிக்க: திறக்காத பேனா 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். திறந்தது பொதுவாக 30 பாகைக்குக் கீழே நான்கு வாரம்வரை தாங்கும், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு 50 பாகையைத் தாண்டும், ஆகவே வண்டியில் விட்டுவிட்டு மலாக்காவைச் சுற்றப் போகாதீர்கள். இன்னொரு பக்கம், வேன் குளிர்பெட்டியின் உட்சுவரை ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் பயன்படாது. துணியில் சுற்றி, நடுவில், காய்கறிக்கு மேலே வையுங்கள்.

இந்தப் பாதையில் அரசு மருத்துவமனை கிடைக்காத நீண்ட இடைவெளி கிடையாது. சிரம்பானில் துவாங்கு ஜாபார், மலாக்காவில் பொது மருத்துவமனை, மூவாரில் சுல்தானா ஃபாத்திமா, பத்து பகாட்டில் சுல்தானா நோரா இஸ்மாயில், ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா, குளுவாங்கில் எஞ்சே பெசார் ஹாஜ்ஜா கால்சோம். மெர்சிங்கிலும் ஒன்று உண்டு. மைகாட் (அடையாள அட்டை), மருத்துவமனைச் சந்திப்பு அட்டை, கடைசியாகத் தந்த மருந்துச் சீட்டின் நகல் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். அவசர எண் 999. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் பிளஸ்லைன் 1800-88-0000.

படி 5: தண்ணீரும் கழிவறையும்

பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான், ஆண்கள் கடைசியில் கேட்பது. வண்டியில் 40, 50 லிட்டர் தொட்டி இருந்தால் பாத்திரம் கழுவ, முகம் கழுவ, ராத்திரி அவசரத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு நாள் வரும். குளியலை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நெடுஞ்சாலையின் பெரிய ஓய்விடங்கள், கடற்கரை முகாம்கள், பொது நீச்சல்குளங்களில் குளியலறை கிடைக்கும். குடிதண்ணீரைத் தனியாகப் பெரிய பாட்டிலில் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீரில் தேநீர் போடாதீர்கள்.

கையடக்கக் கழிவறை ஒன்று வண்டியில் கட்டாயம். பகலில் அதைத் தொடவே தேவைப்படாது. ராத்திரி இரண்டு மணிக்கு மழையில், டார்ச் அடித்துக்கொண்டு முகாமின் கோடிக்கு நடக்காமல் இருப்பதற்காகத்தான் அது. தினமும் காலையில் கழிவறைக் குழியில் கொட்டிக் கழுவிவிடுங்கள், சாக்கடையிலோ புதரிலோ கொட்டக்கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீருக்கும் அதே சட்டம். ஓய்விடத்துச் சிப்பந்தியிடம் "அபாங், இதை எங்கே ஊற்றலாம்" என்று மலாயில் கேட்டால் காட்டிவிடுவார்.

சமையலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மாமாக் கடையும் ஒரு நாசி லெமாக் வண்டியும் இருக்கும் நாட்டில் வேனுக்குள் சாம்பார் வைக்க வேண்டியதில்லை. காலைக் காப்பி, ராத்திரி ரசம் சோறு, அவ்வளவு போதும். குட்டி கேஸ் டின்களை மட்டும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள்.

படி 6: பாதை

போகும்போது நெடுஞ்சாலையை விட்டு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடியுங்கள். கடலோரமாகவே போர்ட்டிக்சன், மலாக்கா, மூவார், பத்து பகாட், பொந்தியான் என்று போகிறது. டோல் இல்லை. வேகம் 90க்கு மேல் கூடாது, நமக்கு 70 போதும். பின்னால் லாரி ஒட்டினால் ஓரம் கட்டி விட்டுவிடுங்கள்.

போர்ட்டிக்சன் முதல் நாளுக்கு ஏற்ற தூரம், ஒன்றரை மணி நேரம்தான். அங்கேயே இரண்டு ராத்திரி தங்குங்கள். வண்டியில் எது குறைகிறது, எது தேவையில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீடு பக்கம்தான், திரும்பப் போய் எடுத்தும் வரலாம். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம்வரை காலை ஏழரைக்கு நடந்தால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து தேன் பருந்துகள் கூட்டம் கூட்டமாக வரும் இடம் இது. நீரிணை இங்கே மிகக் குறுகலாக இருப்பதால் இந்த முனையைத் தேடி வருகின்றன. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிச் சூடான காற்று எழும்போதுதான் நிறையப் பறவை தெரியும், அதனால் அந்த மாதங்களில் மட்டும் தொப்பி, தண்ணீரோடு வெயில் விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். குரங்குகள் அங்கே தைரியசாலிகள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்.

மலாக்காவுக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். பழைய நகருக்குள் வேனை ஓட்டிப் போகவே வேண்டாம். தெருக்கள் குறுகல், ஜோன்கர் தெருவில் வார இறுதி இரவுகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. வெளியே நிறுத்திவிட்டு கிராப் கார் பிடித்து உள்ளே போங்கள்.  பலர் சிவப்புக் கட்டடத்தின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நம் ஆட்கள் பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று, துக்காங் எமாஸ் சாலையில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில். நாட்டின் மிகப் பழைய இந்துக் கோவில்களில் ஒன்று, இன்றும் பூசை நடக்கிறது. அதே தெருவில் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் கோவிலும் வந்துவிடும். இரண்டாவது, காஜா பெராங்கில் உள்ள கம்போங் சிட்டி. சுல்தான்கள் காலத்திலேயே வாணிகம் செய்ய வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள்தான் இங்கே வாழும் சிட்டி மக்கள். பேச்சு மலாய், உடை கெபாயா, சாமி மாரியம்மன். வாசலில் தோரணம் கட்டிய வீட்டிலிருந்து ஒரு பாட்டி மலாயில் "மாக்கான் சுடா?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்கும்போது, நாம் ஒரே ஊரை விட்டு வந்து நானூறு ஐந்நூறு ஆண்டு வித்தியாசத்தில் சந்திப்பதுபோல் இருக்கும். அங்கே சின்ன அருங்காட்சியகமும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் போனால் செங்கிலுள்ள சன்னாசிமலைக் கோவிலின் மாசிமகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அன்று அந்தப் பக்கம் வேன் நகராது.

மூவாரில் ஒரு காலைப்பொழுது போதும், ஆனால் அது காலையாக இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) ராத்திரிச் சாப்பாடு, இங்கே காலை எட்டு மணிக்கே கரி அடுப்பு புகையும். ஓத்தாக் ஓத்தாக் (இலையில் சுட்ட மீன் விழுது), மீ பண்டோங் (குழம்பு மீ) இரண்டும் இந்த ஊர்ச் சரக்கு. சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் தஞ்சோங் எமாஸ் பக்கம் மரத்தடியில் நிறுத்தி ஒரு தூக்கம் போடலாம். தெற்கே பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாரிட் ஜாவா. அசாம் பெடாஸ் என்னும் புளிப்பும் காரமுமான மீன் குழம்புக்குப் பெயர் போன குட்டி மீன்பிடி ஊர். சேற்றுக் கரையில் வழுக்கைத் தலைப் பெருநாரைகள் நிற்கும்.

பத்து பகாட்டைக் கடந்து பொந்தியான், கூக்கூப், அப்புறம் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி அது. 2003இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சதுப்புக் காடு. பலகைப் பாதையில் சக்கர நாற்காலிகூடத் தள்ளலாம், ஆனால் மழை பெய்தால் வழுக்கும். படகு மோதி மேடைகள் சேதமாகி மூடிய காலமும் உண்டு என்பதால், திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிட்டுப் போங்கள். கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பெட்ரோல் நிலையத்தை நம்பாதீர்கள், பொந்தியானிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். வேனுக்கு அந்த நெரிசல் ஒத்துவராது, குறிப்பாக வெள்ளி மாலையும் ஞாயிறும் சிங்கப்பூர்ப் பாலத்துப் பக்கம் போகவே கூடாது. ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். 1922இல் குடிசையாகத் தொடங்கிய கோவில் அது. இன்று சுவர், தூண், கூரை எல்லாம் வண்ணக் கண்ணாடித் துண்டு. சுற்றுப்பயணிகளுக்கென்று தனி நேரம் வைத்திருப்பதால் பூசை நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து மூன்றாம் எண் சாலை கோத்தா திங்கி வழியாக மெர்சிங்குக்குப் போகிறது. வழி நெடுக எண்ணெய்ப்பனை, ஊர்கள் குறைவு, யானை கடக்கும் பலகைகள். இருட்டியபின் ஓட்டவே கூடாத சாலை. மெர்சிங்குக்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரை எங்களுக்குப் பிடித்த இடம். சவுக்கு நிழல், வார நாளில் ஆளே இருக்காது. மணலில் மட்டும் சக்கரத்தை இறக்காதீர்கள், இழுக்க ஆள் தேட வேண்டும். திரும்பும் வழி ஐம்பதாம் எண் சாலையில் குளுவாங். ரயில் நிலையத்தில் 1938 முதல் இருக்கும் காப்பிக் கடையில் ரொட்டி பக்கார் (சுட்ட ரொட்டி) சாப்பிட்டு, ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஏறலாம்.

படி 7: ராத்திரி எங்கே நிறுத்துவது

பணம் கட்டும் முகாம்தான் முதல் தேர்வு. கழிவறை, வெளிச்சம், பக்கத்தில் ஆள் மூன்றும் இருக்கும். மாநிலப் பூங்கா, வன ஓய்விடம் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வழியில் அசதியாகிவிட்டால் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கண் அயரலாம். ஆயர் குரோ, பாகோ, மாச்சாப் மூன்றும் வெளிச்சமான இடங்கள். ஆனால் லாரிகள் நிற்கும் பக்கத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், ராத்திரி முழுக்க என்ஜின் சத்தம்.

நம்மவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது: கோவில் வளாகம். தோட்டப்புறக் கோவில்களில் இடமும் குழாயும் உண்டு. முறை தெரிந்து கேட்க வேண்டும். சாயங்காலப் பூசைக்கு முன்பே போய், தலைவரையோ குருக்களையோ நேரில் பார்த்து, "ஐயா, நாங்கள் இரண்டு பேர்தான், காலை பூசைக்கு முன் கிளம்பிவிடுவோம், ஓரமாக நிறுத்திக்கொள்ளலாமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் "தாராளமா நிறுத்துங்க, சாப்பிட்டீங்களா" என்ற பதில்தான் வரும். அசைவம் சமைக்கக்கூடாது, துணி காயப்போடக்கூடாது, அன்னதானத்துக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வர வேண்டும். திருவிழா வாரத்தில் கேட்கவே கூடாது.

ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரை அழகாக இருக்கும், ஆனால் எங்களுக்கு அது வேண்டாம். வண்டியை எப்போதும் வெளியேறும் திசையில் முகம் வைத்து நிறுத்துங்கள், சாவி ஒரே இடத்தில் தொங்கட்டும். ஒவ்வொரு ராத்திரியும் இருக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு பேரும் ஓட்டத் தெரிந்திருப்பது பெரிய பலம். அக்காமார்களே, "எனக்கு வேன் வராது" என்று விட்டுவிடாமல், அவருக்குத் தலை சுற்றினால் பத்து கிலோமீட்டராவது ஓட்டும் அளவுக்குக் காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

படி 8: செலவு

பெரிய செலவு வேன் வாடகை, அடுத்தது எண்ணெய். பெட்ரோல் வண்டி என்றால் 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு மைகாட் காட்டினால் ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கிறது, மாத அளவு வரம்பு உண்டு. டீசல் வேன் எடுப்பவர்கள் கணக்கை மாற்றிப் போட வேண்டும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10இல் மானியம் எடுக்கப்பட்டு 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது, அதற்குப் பிறகு சந்தை விலைப்படி ஏறி இறங்குகிறது. ஒரே வாடகைக்கு இரண்டு வேன் இருந்தால் எது பெட்ரோல் என்று கேளுங்கள். சாப்பாட்டுச் செலவு வீட்டில் ஆவதைவிடக் கொஞ்சம்தான் கூடும், மலாக்காவைத் தவிர. டச் அண்ட் கோ அட்டையில் முன்கூட்டியே பணம் ஏற்றிவிடுங்கள், திரும்பும் வழியின் டோலுக்கு அது வேண்டும்.

வீடு திரும்பும் நாளில் நண்பகலுக்கு முன் சிரம்பானைத் தாண்டிவிடப் பாருங்கள். நான்கு மணிக்கு மேல் சுங்கை பீசியில் மாட்டினால் பத்து நாள் ஓய்வும் அங்கேயே கரைந்துவிடும். வண்டியை ஒப்படைக்கும் முன் தண்ணீர்த் தொட்டியை முழுக்க வடித்து, குளிர்பெட்டிக் கதவை ஒரு துணி செருகித் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்த நாற்றத்துக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கீறல் எதுவும் இல்லை என்று நான்கு பக்கமும் படமெடுத்து, எடுத்த நேரம் தெரியும்படி வாடகைக்காரருக்கு அங்கேயே அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.